அக்கி வந்தால் மறதி வருமா? மரபணுக்கள் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து வந்தது. அதன் சுருக்கம் இது: "அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மூன்று வருடம் முன்பு நெற்றியில் அக்கி வந்தது, வேளார் வீட்டில் காவி எழுதி ஆறியது. அடுத்த வருடம் நிமோனியாவில் மதுரையில் பெரிய படுக்கை. அதிலிருந்து மறதி. அடுப்பை அணைக்க மறக்கிறார், பேரன் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார். தொற்றை எதிர்க்கும் மரபணுக்களும் மறதி நோயும் தொடர்புள்ளவை என்று படித்தேன். அப்படியானால் அக்கிதான் காரணமா? அந்த ஜீன் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வந்திருக்குமா? டெஸ்ட் எடுக்கணுமா?"

முதலில் நேராகப் பதில். தொடர்பு உண்மைதான். ஆனால் அந்த மரபணுக்கள் எந்தக் கிருமி வந்தது என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை. வந்த கிருமியையும் மூளையில் சேரும் கழிவையும் உடம்பின் காவல் செல்கள் எப்படிக் கையாள்கின்றன என்பதைப் பற்றித்தான் பேசுகின்றன. உங்கள் அம்மாவுக்கு அக்கியால்தான் மறதி வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஜீன் டெஸ்ட் இப்போது தேவையில்லை. அதைவிட அவசரமான இரண்டு வேலைகள் இருக்கின்றன: மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை ஒன்று, அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது இன்னொன்று. இரண்டையும் இந்த வாரமே செய்யலாம். விவரம் கீழே வருகிறது.

டிமென்ஷியா (மறதி நோய்) என்பது பல நோய்களுக்கான பொதுப்பெயர். அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். மரபணு ஆதாரத்தில் பெரும்பகுதி அல்சைமரைப் பற்றியது. 1993-இல் அபோ-ஈ என்ற மரபணுவுக்கு அல்சைமரோடு தொடர்பு இருப்பது கண்டறியப்பட்டது. அது 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தை உண்டாக்குகிறது. இதற்கு 2, 3, 4 என்று மூன்று வடிவங்கள் உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினரில் நான்காம் வடிவம் ஒன்று இருந்தால் அல்சைமர் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. தாய் வழியாக ஒன்று, தந்தை வழியாக ஒன்று என இரண்டும் நான்காம் வடிவமாக அமைந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு. இன்றுவரை பொதுவாகக் காணப்படும் மரபணுக்களில் இதற்கு ஈடான அபாயம் வேறெதிலும் இல்லை.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பெரிதாக எதுவும் சிக்கவில்லை. முழு மரபணுத் தொகுப்பையும் ஆயிரக்கணக்கானவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்ததும் நிலைமை மாறியது. 2009-இல் சிஆர்-1, 2011-இல் சிடி-33, 2013-இல் ட்ரெம்-2 என்று அல்சைமரோடு தொடர்புள்ள மரபணுக்கள் வரிசையாகத் தெரியவந்தன. 2022-இல் வெளியான பெரிய ஆய்வில் நோயாளிகள் பக்கம் 1,11,326 பேர் (பெற்றோருக்கு நோய் இருந்ததாகச் சொன்னவர்களும் இதில் அடக்கம்), ஒப்பீட்டுக்கு 6,77,663 பேர். மரபணுத் தொகுப்பில் 75 இடங்கள் அல்சைமருடன் தொடர்புள்ளவை என்று தெரிந்தது, அவற்றில் 42 புதியவை. இந்தப் பட்டியலைப் பார்த்த ஆராய்ச்சியாளர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தது ஒரு விஷயம். பட்டியலில் உள்ள பல மரபணுக்கள் மூளையின் நரம்புச் செல்களைவிட அங்கிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களில்தான் அதிகம் வேலை செய்கின்றன.

அந்தச் செல்களுக்குப் பெயர் மைக்ரோக்ளியா. மூளைக்குள்ளேயே குடியிருப்பவை. கிருமி வந்தால் விழுங்கும், செத்த செல்லை அகற்றும், அமிலாய்டு என்னும் புரதம் கட்டியாகப் படிந்தால் அதைச் சுற்றி அரண் கட்டும். ட்ரெம்-2 இந்தச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் உணர்வான். அதன் ஒரு அரிய மாற்றம் இருந்தால் அமிலாய்டு கட்டியை மைக்ரோக்ளியா சரியாக நெருங்காது. அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஆனால் இந்த மாற்றம் ஐரோப்பியரிலேயே நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. சிடி-33 இதற்கு எதிர்ப்பக்கம், அது பிரேக். அந்த பிரேக் சற்றுத் தளர்வாக அமைந்த பரம்பரை வடிவம் உள்ளவர்களின் மைக்ரோக்ளியா கழிவை அதிகம் விழுங்கும், நோயும் குறைவு. 2017-இல் தெரியவந்த பிஎல்சிஜி-2 மரபணுவின் ஓர் அரிய வடிவமும் பாதுகாப்புத் தருகிறது. சிஆர்-1 என்பது காம்ப்ளிமென்ட் என்று அழைக்கப்படும் பழைய எதிர்ப்பு அமைப்பின் ஏற்பி. இரத்தத்தில் கிருமியின்மேல் ஒட்டும் அடையாளப் புரதங்களைப் பற்றிக்கொண்டு அந்தக் கிருமியை அகற்ற உதவுவது அதன் வேலை.

இதுவரை சொன்னவை மூளைக்குள் நடக்கும் துப்புரவு. தொற்றோடு நேரடியாகச் சேரும் இரண்டு மரபணுக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று ஓஏஎஸ்-1. வைரஸ் நுழைந்ததும் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைச் சமிக்ஞை வெளியாகும். அதைக் கேட்டு வைரஸின் ஆர்என்ஏ-வை வெட்டிப்போடும் வேலையைத் தொடங்கிவைக்கும் மரபணு இது. கோவிட் கடுமையாவதற்கும் அல்சைமருக்கும் இந்த மரபணுவின் வடிவங்களோடு தொடர்பு உண்டு என்று 2021-இல் காட்டினார்கள். இது குறைவாக வேலை செய்யும்போது ஆய்வகத்தில் மைக்ரோக்ளியாவின் அழற்சி எதிர்வினை கட்டுக்கு மீறிப்போனது. நோய் எதிர்ப்பு போதாமல் இருப்பது ஒரு கேடு. அது அடங்காமல் தொடர்வது இன்னொரு கேடு. இரண்டுமே இந்த ஒரு மரபணுவில் தெரிகின்றன.

இரண்டாவது எச்எல்ஏ. 6-ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்தப் பகுதிதான் கிருமியின் துண்டுகளை எதிர்ப்புச் செல்களுக்கு எடுத்துக்காட்டும் புரதங்களை உருவாக்குகிறது. மனித மரபணுத் தொகுப்பிலேயே ஆளுக்கு ஆள் மிக அதிகம் மாறுபடும் பகுதி இதுதான். உறுப்பு தானத்தில் பொருத்தம் பார்ப்பது இதைத்தான். 2023-இல் வெளியான பெரிய ஆய்வில் டிஆர்பி1-04 என்ற வகை உள்ளவர்களுக்கு அல்சைமரும் பார்க்கின்சனும் குறைவாக வருவது தெரிந்தது. அதே வகையின் சில உட்பிரிவுகள் முடக்குவாதத்தின் அபாயத்தைக் கூட்டுகின்றன. நல்ல ஜீன், கெட்ட ஜீன் என்று பிரிக்க இங்கே வழியில்லை.

பிரிட்டனின் யுகே பயோபேங்க் திட்டத்தில் ஐந்து லட்சம் பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் சில ஆயிரம் பேரின் இரத்தத்தில் உதட்டில் கொப்புளம் தரும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ், எப்ஸ்டீன்-பார், அக்கியையும் உண்டாக்கும் சின்னம்மை வைரஸ் போன்ற பொதுவான கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடி அளவையும் எடுத்திருக்கிறார்கள். ஒரே கிருமிக்கு ஒருவருடைய உடம்பு அதிக ஆன்டிபாடி உண்டாக்குகிறது, இன்னொருவருடையது குறைவாக. இந்த வேறுபாட்டை மரபணுக்களில் தேடினால் முதலில் வந்து நிற்பதும் அதே எச்எல்ஏ பகுதிதான். தொற்றுக்கான எதிர்வினையும் டிமென்ஷியா அபாயமும் மரபணுவில் சந்திக்கின்றன என்று செய்திகளில் வருவதற்கு இது முக்கியமான அடிப்படை.

இங்கே அவசரப்படக் கூடாது. எச்எல்ஏ பகுதியில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன, கூட்டமாகவே தலைமுறை தாண்டுகின்றன. ஆன்டிபாடியை மாற்றும் ஒரு மரபணுவும் அதன் பக்கத்தில் மூளையைப் பாதிக்கும் வேறொரு மரபணுவும் சேர்ந்து வந்தாலே இரண்டும் தொடர்புள்ளவை போலத் தோன்றிவிடும். ஒரே தெருவில் இரண்டு பேர் இருப்பதால் உறவினர் ஆகிவிட மாட்டார்கள்.

காரணமா, வெறும் உடனிகழ்வா என்று பிரிப்பதுதான் இந்தத் துறையின் மிகக் கடினமான வேலை. மருத்துவப் பதிவுகள் மட்டும் பார்த்தால் தொற்றுதான் காரணம் என்பதற்கான ஆதாரம் பலமாகத் தெரியும். பின்லாந்து, பிரிட்டன் தரவுகளில், மருத்துவமனையில் சேரும் அளவுக்குத் தொற்று வந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 2023-இல் இதே இரு நாட்டுப் பதிவுகளை வைத்து வைரஸ் நோய்களையும் நரம்புச் சிதைவு நோய்களையும் ஜோடி ஜோடியாகப் பார்த்தார்கள். 22 ஜோடிகள் இரண்டு நாட்டிலும் உறுதியாகின. மிகப் பலமானது மூளைக்காய்ச்சலுக்கும் அல்சைமருக்கும் இடையிலானது. சில தொடர்புகள் தொற்று வந்து பதினைந்து ஆண்டுகள் வரையிலும் தெரிந்தன.

ஆனால் அல்சைமர் மறதியாக வெளியே தெரிவதற்குப் பத்து இருபது ஆண்டுகள் முன்பே மூளையில் தொடங்கிவிடுகிறது. அந்த ஆரம்ப காலத்திலேயே விழுங்குவதில் தடுமாற்றம், தண்ணீர் குடிக்க மறப்பது, சுத்தத்தில் கவனக்குறைவு எல்லாம் மெல்லத் தொடங்கலாம். அதனால் நிமோனியாவும் சிறுநீர்த் தொற்றும் எளிதில் வரலாம். உங்கள் அம்மாவுக்கும் நிமோனியா முதலில் வந்து மறதி பிறகு வந்ததா, யாரும் கவனிக்காத மறதி இருந்து நிமோனியா வந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல வழியில்லை. மருத்துவமனைப் படுக்கை ஏற்கெனவே இருந்த குறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது மிகவும் சாதாரணம்.

மரபணு இந்தக் குழப்பத்தில் உதவும். யாருக்கு எந்த வடிவம் என்பது கருவிலேயே குலுக்கிப் போட்டதுபோல் முடிவாகிறது. எழுபது வயதில் வரும் நோயால் அதை மாற்ற முடியாது. ஆகவே ஒரு தொற்று எளிதில் வரக்கூடிய மரபணு வடிவம் உள்ளவர்களுக்கு டிமென்ஷியாவும் அதிகம் என்றால், தொற்று காரணமாக இருக்க வாய்ப்பு கூடுகிறது. மெண்டலியன் ரேண்டமைசேஷன் என்ற முறை இதுதான். ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸை இப்படிச் சோதித்தபோது தெளிவான காரணத் தொடர்பு கிடைக்கவில்லை. ஹெர்ப்பிஸ் குற்றமற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளவும் முடியாது. காரணம், உலகில் பெரும்பாலானோர் உடம்பில் அந்த வைரஸ் இருக்கிறது. வருவதும் வராததும் மரபணுவைவிடச் சூழலையே சார்ந்தது. ஆகவே பிடித்துக்கொள்ளத் தேவையான மரபணுக் கயிறு மிக மெல்லியது. இன்னொரு ஓட்டையும் உண்டு. தொற்றுக்கு மிக எளிதில் ஆளாகும் மரபணு உள்ளவர்களில் சிலர் முதுமையைத் தொடும் முன்பே இறந்துவிடுகிறார்கள், அவர்கள் டிமென்ஷியா கணக்கில் வருவதே இல்லை.

மரபணுக் குலுக்கல் பிடிகொடுக்காத இடத்தில் பிறந்த தேதி உதவியது. இந்தத் துறையில் அண்மைக்காலத்தில் கிடைத்த மிக வலுவான ஆதாரம் என்று நான் கருதுவது இதைத்தான். வேல்ஸ் நாட்டில் 2013 செப்டம்பர் 1 அன்று அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்கு ஊசி உண்டு, அதற்கு முன் பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் இல்லை. ஒரு வாரம் முந்திப் பிறந்தவருக்கும் பிந்திப் பிறந்தவருக்கும் உணவிலோ படிப்பிலோ வசதியிலோ வித்தியாசம் இருக்கக் காரணம் இல்லை, வித்தியாசம் ஊசி மட்டுமே. ஏழு ஆண்டுகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் புதிதாக டிமென்ஷியா கண்டறியப்படுவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடம் பலன் கூடுதல். 2025-இல் இது நேச்சர் இதழில் வெளியானது. ஆஸ்திரேலியாவிலும் இதேபோன்ற வயது வரம்பை வைத்துப் பார்த்து இதே திசையில் முடிவு கிடைத்தது.

இது அக்கி வைரஸ் மூளைக்குச் செய்யும் கேட்டைத் தடுத்ததாலா, தடுப்பூசியே எதிர்ப்பு அமைப்பைப் பொதுவாகச் சீராக்கியதாலா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பெண்களிடம் பலன் கூடுதலாக இருப்பது இரண்டாவது விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது, ஏனென்றால் தடுப்பூசிகளுக்குப் பெண்களின் எதிர்ப்பு அமைப்பு பெரும்பாலும் வலுவாகப் பதில் தரும்.

இதைப் படித்துவிட்டு யாராவது "அப்படியானால் வைரஸ் மாத்திரை கொடுத்துப் பார்ப்போமே" என்று அம்மாவுக்கு வாலசைக்ளோவிர் வாங்கித்தரக் கிளம்ப வேண்டாம். ஆரம்பநிலை அல்சைமர் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வரை, 78 வாரங்கள் கொடுத்து நடந்த சோதனையில் பலன் இல்லை. போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் நிலை மேம்படவில்லை. நோய் தொடங்கிய பிறகு வைரஸை அடக்குவதும், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொற்றைத் தடுப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தவை. அவற்றைத் தூக்கி மண்டபத்துக்கோ கீழக்கரைக்கோ அப்படியே பொருத்த முடியாது. ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த ஆய்வில் அபோ-ஈ 4 வடிவம் நூற்றுக்கு 7 என்ற அளவில் இருந்தது. ஒப்பிடப்பட்ட பென்சில்வேனிய மக்களிடம் 11. அங்கே அல்சைமரும் குறைவாகவே காணப்பட்டது. இந்திய மரபணு வகைமையைப் பதிவுசெய்யும் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் தொகுப்பை 2025-இல்தான் ஆய்வுக்குத் திறந்தது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டக் கிராமங்களில் பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம் நடத்தும் நீண்டகால ஆய்வு தென்னிந்தியக் கிராமத்து முதியவர்களைப் பற்றிப் பேசக்கூடிய தரவைச் சேர்த்துவருகிறது. நம் கடற்கரைக்கு நெருக்கமான விடை அங்கிருந்துதான் வரும் என்று நம்புகிறேன்.

கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கண்டுபிடிப்பு பொலிவியாவிலிருந்து வந்தது. அமேசான் காட்டோரம் வாழும் சிமானே மக்களிடம் குடற்புழுவும் ஒட்டுண்ணிகளும் மிகுதி. அவர்களில் ஒட்டுண்ணிச் சுமை அதிகமுள்ளவர்களில் அபோ-ஈ 4 வடிவம் உள்ளவர்களின் அறிவுத்திறன் குறையவில்லை, மேலாகவே இருந்தது. பிரேசிலின் குடிசைப்பகுதிக் குழந்தைகளிடம் அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தபோதும் இதே வடிவம் மூளை வளர்ச்சியைக் காத்தது. நகரத்தில், சுத்தமான தண்ணீரில், நீண்ட ஆயுளில் கேடாகும் அதே மரபணு, தொற்று மிகுந்த இடத்தில் குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு மரபணுவின் பொருள் அது வாழும் சூழலில்தான் முடிவாகிறது. வடகடல் தென்கடல் இரண்டின் கரையிலும் எழுபது வயதில் இருக்கும் நம் பெற்றோர் தொற்று மிகுந்த காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள். பேரக்குழந்தைகள் வேறொரு காலத்தில் வளர்கிறார்கள். ஒரே ஜீன் இருவருக்கும் ஒரே பலனைத் தரும் என்று கருத ஆதாரம் இல்லை.

இன்னொரு சந்திப்பும் உண்டு. ராமேஸ்வரம் தீவு மலேரியாவுக்குப் பெயர்போன இடம். ஸ்டீபன்சி வகை அனாபிலஸ் கொசு கிணற்றிலும் மூடாத சிமெண்ட் தொட்டியிலும் வளரும். தண்ணீருக்குக் கஷ்டப்படும் ஊரில் தொட்டி இல்லாத வீடு ஏது? ஃபால்சிபாரம் மலேரியா கிருமி சிவப்பணுவுக்குள் நுழையவும், பாதிக்கப்பட்ட அணுக்கள் ஒன்றோடொன்று கொத்தாக ஒட்டவும் பயன்படுத்தும் வாசல்களில் ஒன்று மேலே பார்த்த சிஆர்-1. மலேரியாவோடு தொடர்புள்ள அதே மரபணு முதுமையில் மூளையின் துப்புரவையும் தொடுகிறது. தமிழகக் கடற்கரைக்கு இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பார்ப்பது அவசியமான ஆராய்ச்சி.

இனி டெஸ்ட். அபோ-ஈ பரிசோதனை தனியார் ஆய்வகங்களில் கிடைக்கிறது, எச்சிலிலேயே செய்வார்கள். நான்காம் வடிவம் இருந்தும் தொண்ணூறு வயதுவரை தெளிவாக இருப்பவர்கள் உண்டு, அது இல்லாமலே நோய் வருபவர்களும் நிறைய. முடிவு எதுவானாலும் செய்ய வேண்டியவை மாறப்போவதில்லை. அமிலாய்டை அகற்றும் புதிய ஊசி மருந்துகளைத் தொடங்கும் முன் மட்டும் இது அவசியம். நான்காம் வடிவம் இரண்டு உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் மூளையில் வீக்கமும் இரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு கூடுதல்.

மரபணு ஆலோசனை அவசரமாகத் தேவைப்படும் இரண்டு நிலைகள் உண்டு. குடும்பத்தில் இரண்டு தலைமுறையாவது அறுபத்தைந்து வயதுக்கு முன்பே மறதி நோய் வந்திருந்தால் ஏபிபி, பிரிசெனிலின்-1, பிரிசெனிலின்-2 ஆகிய மூன்று மரபணுக்களைப் பார்க்க வேண்டும். அடுத்தது, நம் பக்கத்தில் சொந்தத்துக்குள் கல்யாணம் சாதாரணம் என்பதால் சொல்கிறேன். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறந்த ஒருவருக்கு இருபதுகள் முப்பதுகளில் கணுக்கால், மணிக்கட்டில் எலும்பு வலியோ அடிக்கடி முறிவோ வந்து, நாற்பது வயதை ஒட்டி நடத்தை மாறி அறிவு மங்கினால் நாசு-ஹகோலா நோயை நினைக்க வேண்டும். ட்ரெம்-2 அல்லது அதன் துணை மரபணு தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பழுதாக வரும்போது வருவது அது. மிக அரிது, ஆனால் மனநோய் என்று தவறாக முத்திரை குத்தப்படும். ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள் துவாவோடு ஒரு நரம்பியல் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியவை. முதலில் உங்கள் அம்மாவின் இரத்தப் பரிசோதனை: வைட்டமின் பி12, தைராய்டு டிஎஸ்எச், சோடியம், கிரியாட்டினின், சர்க்கரை, முழு இரத்த எண்ணிக்கை, விடிஆர்எல் (சிஃபிலிஸ் சோதனை), எச்ஐவி. தலைக்கு ஒரு சிடி ஸ்கேன். வழுக்கி விழுந்து யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அடியில் மெதுவாகக் கசிந்த இரத்தக்கட்டு மறதியாகத் தெரியும், அதை அறுவை செய்து சரிப்படுத்தலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இவற்றைத் தொடங்கலாம். அடுத்து மாத்திரைப் பை. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கு அல்ப்ரசோலம், சிறுநீர் அடக்க முடியாமைக்கான சில மாத்திரைகள் ஆகியவை முதியவர்களின் நினைவாற்றலை மங்கவைக்கும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். அல்ப்ரசோலத்தை நாள்பட்டுச் சாப்பிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும் படிகளில் குறைக்க வேண்டும்.

மறதி எந்த அளவு என்று சோதிக்கும் கேள்விகளில் ஒரு சிக்கல் உண்டு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதும் பள்ளிக்கூடம் போகாத கடற்கரைப் பெண்ணுக்கு அநியாயமான பரீட்சை. அவர் அன்றாடம் செய்த வேலையைக் கவனியுங்கள். பாசி எடுக்கப் போனவர் என்றால் வெள்ளம் ஏறும் நேரம், வற்றும் நேரம் பிசகாமல் சொல்கிறாரா, கருவாட்டுக்கு உப்பு அளவு மாறிவிட்டதா, மீன் விற்ற காசைச் சரியாக எண்ணுகிறாரா, பழகிய பாதையில் வழி தவறுகிறாரா. ஆறு மாதத்துக்கு முன் எப்படி, இப்போது எப்படி என்று தேதியோடு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் மருத்துவருக்கு எந்த மதிப்பெண்ணையும்விட அது உதவும்.

மறதி மெல்ல வளர்வது ஒன்று. ஓரிரு நாளில், சில மணி நேரத்திலேயே புத்தி தடுமாறுவது முற்றிலும் வேறு. பிந்தையதற்கு டெலிரியம் என்று பெயர். பகலில் தெளிவு, சாயங்காலம் குழப்பம், இல்லாததைப் பார்ப்பதாகச் சொல்வது, அல்லது சத்தமே இல்லாமல் சுருண்டு படுத்துக்கொள்வது. சத்தம் போடுபவரைக் கவனித்துவிடுவோம், சுருண்டு படுப்பவரை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். அந்த விட்டுவிடுதல்தான் உயிரை எடுக்கிறது. முதியவர்களுக்கு நிமோனியாவிலும் சிறுநீர்த் தொற்றிலும் காய்ச்சலே இல்லாமல் போகலாம், புத்தி மாறாட்டமே முதல் அறிகுறியாக வரலாம். விரலில் வைக்கும் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் அளவு குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரையை உடனே பாருங்கள். தாழ்சர்க்கரையும் இதே போலத் தெரியும். காய்ச்சல் இருந்தால் தீவுப் பகுதியில் மலேரியா இரத்தத் தடவல் எடுக்காமல் விடக் கூடாது. முதல் ஐந்து நாளுக்குள் என்றால் டெங்குவுக்கு என்எஸ்1 இரத்தப் பரிசோதனை. மழை, பனிக் காலத்தில் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களைத் துணி விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ், டாக்ஸிசைக்ளினில் வேகமாகக் குணமாகும். பாட்டியம்மா வெட்கப்பட்டு மறைப்பதால் இது பல நாள் கண்ணில் படாமல் போகிறது. அதேபோல் எதிர்த்திசையில் ஒரு தவறும் நடக்கிறது. எந்த அறிகுறியும் இல்லாத முதியவரின் சிறுநீர் கல்ச்சரில் கிருமி வந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தேவையில்லை. முதிய பெண்களில் பலருக்கு அது சும்மாவே இருக்கும்.

டெலிரியம் இருக்கும்போதோ விட்ட உடனேயோ டிமென்ஷியா என்று முடிவு கட்டக் கூடாது. நோய் தீர்ந்து மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு நிமோனியா முடிந்து போதிய காலம் ஆகிவிட்டது, இப்போது செய்யும் சோதனை செல்லும்.

அக்கியைப் பற்றி. காவி எழுதுவதில் குளிர்ச்சியும் நம்பிக்கையும் கிடைக்கிறது. எழுதுபவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வைரஸ் மருந்து பலன் தரும் நேரம் கொப்புளம் தெரிந்ததிலிருந்து 72 மணி நேரம். எழுதிக்கொண்டு மூன்றாம் நாள் ஆறுமா என்று பார்த்தால் அந்த நேரம் போய்விடும். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் நாளொன்றுக்கு ஐந்து வேளை, அல்லது வாலசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை, ஏழு நாள். இது வழக்கமான அளவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருத்துவர் குறைத்தே தர வேண்டும். குறைக்காவிட்டால் அந்த மருந்தே புத்தி மாறாட்டத்தை உண்டாக்கும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கொப்புளம் வந்தால் கண்ணுக்குள் போகும் வாய்ப்பு அதிகம், அன்றைக்கே கண் மருத்துவர் பார்க்க வேண்டும். முதலில் மருந்து, பிறகு விருப்பப்பட்டால் காவி. காவியைக் கண்ணோரத்திலும் உடைந்த கொப்புளத்தின்மேலும் தடவ வேண்டாம், சீழ் பிடிக்கும்.

உங்கள் அம்மாவுக்கு ஒருமுறை வந்துவிட்டதால் தடுப்பூசி வேண்டாம் என்று சொல்வதற்கில்லை, மறுபடியும் வரலாம். இந்தியாவில் 2023 முதல் ஷிங்ரிக்ஸ் கிடைக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல், புஜத் தசையில் இரண்டு ஊசி, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. வேல்ஸில் ஆராயப்பட்டது பழைய வகை உயிருள்ள வைரஸ் ஊசி, இது புரத ஊசி. இந்தப் புதிய ஊசியைப் பற்றி 2024-இல் வந்த பதிவேட்டு ஆய்வு ஒன்றில், பழைய ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டபோது டிமென்ஷியா கண்டறியப்படாமல் வாழ்ந்த காலம் 17 சதவீதம் கூடியது. சோதனை முறையில் உறுதிசெய்யப்பட்ட முடிவு இல்லை இது. அக்கியையும் அதற்குப் பின் வரும் நரம்பு வலியையும் தடுப்பதற்காகவே போட்டுக்கொள்ளத் தகுந்தது, மூளைக்கு நன்மை என்றால் கூடுதல் லாபம். அரசுத் திட்டத்தில் இலவசமாக இல்லை. ஓர் ஊசியே பல ஆயிரம் ரூபாய், கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் அந்தத் தொகை எத்தனை பெரியது என்று தெரியும். இரண்டாவது ஊசிக்கும் பணம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள், ஒன்றோடு நின்றால் பாதுகாப்பு முழுமையாகாது. ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்ததா என்று கேட்கத் தயங்காதீர்கள், கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது நியாயமான கேள்வி. போட்ட பிறகு ஒன்று முதல் மூன்று நாள் கைவலி, உடம்பு வலி, காய்ச்சல் சாதாரணம்.

பணம் குறைவென்றால் ஃப்ளூ ஊசியை முதலில் போடுங்கள். ஆண்டுக்கு ஒன்று, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே. அடுத்து நிமோனியாவுக்கான நிமோகாக்கல் ஊசி. எந்த வகை, எத்தனை தவணை என்பதை மருத்துவர் பழைய பதிவைப் பார்த்துச் சொல்வார், மதுரையில் சேர்ந்தபோது போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் தேடுங்கள். வாய்ச் சுத்தமும் இதோடு சேர்ந்தது. படுத்த படுக்கையில் இருப்பவரின் வாய்க் கிருமிதான் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகிறது. இருவேளை பல் தேய்த்து, நிமிர்ந்து உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்து, முடித்த பிறகும் அரைமணி நேரம் படுக்கவிடாமல் வைத்திருந்தால் அடுத்த நிமோனியாவைத் தள்ளிப்போடலாம்.

உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்: அம்மாவுக்கு இருப்பதால் உங்கள் அபாயம் ஓரளவு கூடுதல்தான். ஆனால் 2024-இல் லான்செட் குழு வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதம், மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புள்ளது. நடுவயதில் காது மந்தம், கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடி, படிப்பின்மை எல்லாம் அதில் உண்டு. விசைப்படகு எஞ்சின் பக்கத்தில் வருடக்கணக்கில் வேலை செய்தவர்களுக்குக் காது சோதனை அவசியம். நாற்பது தாண்டியவர்கள், தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வீட்டுக்கு வரும்போது பிபி, சுகர் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை எழுதினால் வீட்டுக்கே வரும், நடுவில் விடாதீர்கள்.

பராமரிக்கும் உங்களுக்கு வழி தெரியாத நேரத்தில் முதியோர் உதவி எண் 14567-இல் கேட்கலாம், மனச்சோர்வு அழுத்தினால் டெலி-மானஸ் 14416, இரண்டும் கட்டணமில்லாதவை. இரத்தப் பரிசோதனை முடிவும் ஸ்கேன் தாளும் வந்ததும் பி12, டிஎஸ்எச், சோடியம் ஆகிய மூன்று எண்களையும் மாத்திரைப் பட்டியலையும் எழுதி அனுப்புங்கள். அதில் சரிசெய்யக்கூடியது ஏதேனும் இருந்தால் முதலில் அதைத் தொடங்குவோம்.